கற்பகத்துக்கு விழுந்த பரிசு

வீட்டுக்குள் ஹோவென்று ஓர் இரைச்சல் கிளம்பியது. சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த பாண்டியராஜன் ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே என்று அப்படியே நின்றுவிட்டான். மிக்ஸி ஓடவில்லை. மேலே ஃபேனும் சுற்றவில்லை. கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த அவன் பெண்டாட்டி கற்பகத்தின் கையில் இருந்த கறுப்புச் சாமான்தான் அப்படி இரைந்துகொண்டிருந்தது.

“வெடிச்சுத் தொலைக்குமா?” என்று கேட்டான்.

உள்ளே குட்டியாக ஒரு ஃபேன் இருக்கிறது, சூடு ஏறினால் தானாக ஓடும், இது வெறும் விளையாட்டுப் பெட்டி இல்லை, முழுக் கம்ப்யூட்டர் என்று கற்பகம் விளக்கினாள். ஆபீஸில் சொல்லிக் கொடுத்ததை வரி பிசகாமல் ஒப்பித்தாள். கம்ப்யூட்டரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எவளாவது கட்டிலில் உட்காருவாளா என்று முணுமுணுத்தபடி அவன் குளிக்கப் போனான்.

அது வீட்டுக்கு வந்த கதை இதுதான். காக்கநாட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் கற்பகத்துக்குத் துப்புரவு வேலை. ஓணம் வந்தால் அங்கே பூக்களம், இலை போட்டு விருந்து, கயிறு இழுக்கும் போட்டி, கடைசியில் குலுக்கல் பரிசு. குலுக்கல் பானைக்குள் துப்புரவுக்காரர்களின் பெயர் போனது இந்த வருஷம்தான். ஸ்நேஹா என்று ஒரு சின்னப் பெண், இரண்டாம் மாடியில் வேலை பார்ப்பவள், பிடிவாதம் பிடித்து அவர்கள் பெயரையும் எழுதிப் போட்டாள். முதல் பரிசுக்குச் சீட்டை எடுத்தார்கள். ‘கற்பகம், ஹவுஸ் கீப்பிங்’ என்று மைக்கில் வந்தது. கைதட்டல் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

பெட்டியை வாங்கிக்கொண்டு அவள் மேடையை விட்டு இறங்குவதற்குள் சூப்பர்வைசர் ஷிபு பக்கத்தில் வந்துவிட்டார். புது மிக்ஸியும் குக்கரும் வாங்கித் தருகிறேன், இதை வைத்துக்கொண்டு சேச்சி என்ன செய்யப் போகிறீர்கள் என்று நல்லவிதமாகத்தான் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கூட வேலை பார்க்கிற பெண்களே ஆச்சரியப்பட்டார்கள்.

யோசிக்க இருந்தது. ஆறு வருஷமாக அவள் அந்த மேஜைகளைத் துடைக்கிறாள். சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்: மேஜைமேல் இருப்பதைத் தொடாதே, நகர்த்தாதே, சுற்றித் துடை. ஹெட்போனைச் சுற்றி, கேமராவைச் சுற்றி, பெயர் தெரியாத இன்னும் என்னென்னவோ பளபளப்புகளைச் சுற்றி ஆறு வருஷம் அவள் துணி போய் வந்திருக்கிறது. அந்த ரகச் சாமான் ஒன்று முதல் தடவையாக அவள் மடியில் இருந்தது. மட்டாஞ்சேரிக்குத் திரும்பும் பஸ் தோப்பும்படியைத் தாண்டுவதற்குள் பெட்டியைப் பிரித்துவிட்டாள். பிரித்துக் கையில் எடுத்த பிறகு, மிக்ஸிக்கு மாற்றிக்கொள்ள மனசு வரவில்லை.

அதற்காக அது ஒன்றும் உடனே கொஞ்சிக் குலவவில்லை. இரண்டு போனை ஒட்டி வைத்த அகலம்; அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல் கனம். யூனிபார்ம் கோட்டுப் பையில் இடித்துப் பிடித்து நுழைந்தது. நுழைந்ததும் கோட்டு ஒரு பக்கமாகத் தொங்கியது. நடுவில் திரை, கட்டைவிரலுக்கு அதன் இரண்டு பக்கமும் காளான் குடை மாதிரி ஒவ்வொரு குமிழ். முகத்தில் இருக்கிற பொத்தான் போதாதென்று முதுகிலும் பொத்தான், கண்ணுக்குத் தெரியாமல் விரலால் தேட வேண்டும். எழுத்தெல்லாம் கடுகு கடுகாக, அதுவும் இங்கிலீஷில். ஒரு மணி நேரம் ஓடினால் முதுகு சாயா கிளாஸ் மாதிரி சுட்டது. முழுசாகச் சார்ஜ் ஏற்றினாலும் இரண்டு மணி நேரம்தான். காலையில் பஸ்ஸில் திறந்தால் காக்கநாடு வருவதற்குள் முக்கால்வாசி காலி. இத்தனை விலை போட்டு விற்கிற சாமான் இப்படியா இருக்கும் என்று முதல் நாலு நாள் அவளுக்கே ஏமாற்றம்தான். வெளியே சொல்லவில்லை. மிக்ஸியை வேண்டாம் என்றவள் சொல்ல முடியுமா?

ஸ்நேஹா மூன்று ஆட்டங்களை அதில் ஏற்றிக் கொடுத்திருந்தாள். கார் ஓட்டுவது ஒன்று; கற்பகத்தின் கார் சுவரில் முட்டி, திரும்பி, வந்த வழியே ஓடியது. துப்பாக்கி ஆட்டம் இன்னொன்று. சுடுகிற பொத்தான் எது என்று தேடி முடிப்பதற்குள் ஏழு தடவை செத்தாள். மூன்றாவதைக் காட்டத்தான் ஸ்நேஹா தயங்கினாள். “சேச்சி தப்பா எடுக்கக் கூடாது,” என்றாள்.

பாசி பிடித்துக் கிடக்கும் ஒரு பெரிய பங்களா. கையில் தண்ணீர் பீய்ச்சும் குழாய். அதைக் கழுவி முடிக்க வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான்.

காலை ஏழிலிருந்து மாலை நாலு வரைக்கும் கழுவுகிறவளுக்கு விளையாடக் கிடைத்ததும் கழுவுகிற வேலையா என்று பாண்டியராஜன் கேலி செய்தான். கற்பகத்துக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பங்களாவில் கழுவிய இடம் கழுவிய இடமாகவே இருந்தது. பின்னாலேயே யாரும் ஷூவோடு நடந்து வரவில்லை. காப்பியைக் கொட்டிவிட்டு ஸாரி சொல்லவில்லை. ஒரு படிக்கட்டு மூலைமுடுக்கெல்லாம் சுத்தமானால் பளிச்சென்று மின்னி, மணி அடித்த மாதிரி ஒரு சத்தம் கொடுத்தது. வேலை இத்தனை சதவீதம் முடிந்தது என்று ஓரத்தில் எண் ஏறிக்கொண்டே போனது. ஆறு வருஷமாக அவள் துடைத்த தரைக்கு யாரும் சதவீதம் சொன்னது கிடையாது.

ஐந்தாம் நாளிலிருந்து அவள் விரலுக்குப் பொத்தான்கள் தானாகத் தெரிந்தன. சூடு உறைக்கவில்லை. இரைச்சல் காதில் விழவில்லை. பாண்டியராஜன் கூப்பிடுவதும் சில சமயம் விழவில்லை.

அவனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ராஜபாளையத்துப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். மட்டாஞ்சேரி கடைவீதியில் பெட்டி ஆட்டோவில் அரிசி மூட்டையும் மிளகு மூட்டையும் அடிக்கிறான். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். குழந்தை இல்லை. ஆஸ்பத்திரிக்கு அலைந்தது நாலு வருஷத்துக்கு முன்னால் நின்றது. அதோடு வீட்டில் பேச்சும் பாதி நின்றது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அன்றைய லோடு கதையை அவன் சொல்வான், அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே ‘உம்’ கொட்டுவாள். அதுதான் அவர்கள் குடித்தனம். அரிசிக் கிடங்குக்குப் பின்னால் ஒரே அறையும் அடுப்படியும் உள்ள வீட்டுக்கு அது போதுமானதாகவும் இருந்தது.

இப்போது சமையலை ஆறரைக்கே முடித்துவிட்டு அவள் கட்டிலுக்குப் போய்விடுகிறாள். அவன் வாசல் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் அவளே கூப்பிட்டு அதை அவன் கையில் கொடுத்தாள். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கட்டைவிரலுக்கு அந்தக் குமிழ் அடங்கவில்லை. குழாய்த் தண்ணீர் வானத்தைப் பார்த்துப் பீய்ச்சியது. இப்படிப் பிடிங்க, அதை அழுத்துங்க, இல்லை இல்லை அது இல்லை என்று அவள் சொல்லச் சொல்ல அவன் முகம் சுண்டிப்போனது. ஐந்து நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாயா குடிக்கப் போகிறேன் என்று எழுந்து போனான். பிறகு அவன் அதைத் தொடவில்லை. மூன்று வாரத்தில் பங்களா அறுபத்தொரு சதவீதம் சுத்தமானது.

அந்தச் சமயத்தில்தான் ஆயுத பூஜை வந்தது.

இவர்கள் ஊரில் பூஜைக்கு வைத்ததை ஒரு ராத்திரி கழித்து மறுநாள் எடுத்துவிடுவார்கள். இங்கே அப்படி இல்லை. அஷ்டமி சாயங்காலம் வைத்துத் துணி போட்டு மூடினால் தசமி காலையில்தான் திறக்க வேண்டும். நடுவில் கை படக் கூடாது. பதினோரு வருஷத்தில் இவர்களும் அந்த வழக்கத்துக்கு மாறியிருந்தார்கள். பாண்டியராஜன் தன் ஸ்பானர் செட்டை வைப்பான். இடக்கொச்சியில் இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கும் அவன் அக்கா மூக்கம்மாள் வருஷா வருஷம் இதற்காகவே வந்துவிடுவாள். கற்பகத்துக்கு மட்டும் வைக்க எதுவும் இருந்ததில்லை. உன் மாப்பை வேண்டுமானால் சாமி முன்னால் சாத்தி வை என்று மூக்கம்மாள் ஒரு வருஷம் சொன்னது அவள் மனசில் முள்ளாகக் கிடந்தது.

இந்த வருஷம் கற்பகம் தன் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தாள். சந்தனத்தை அதன்மேல் இடாமல், ஃபேன் ஓட்டையில் போய்விடுமே என்று, மஞ்சள் பட்டுத்துணியில் அதைச் சுற்றி முடிச்சுப் போட்டு, முடிச்சின்மேல் பொட்டு வைத்தாள்.

“இது ஆயுதமா, விளையாட்டுச் சாமானா?” என்றாள் மூக்கம்மாள்.

“உங்க தம்பிக்கு வண்டி எப்படியோ எனக்கு இது அப்படி, மதினி.”

“வண்டி சோறு போடுதுடி. இது என்னத்தப் போடும்?”

கூடச் சேர்ந்து அவனும் ஒரு வார்த்தை குத்துவான் என்று கற்பகம் எதிர்பார்த்தாள். அவன் குத்தவில்லை. அவ ஆசைக்கு வச்சிட்டுப் போறா, விடுக்கா என்றான். ஸ்பானர்களைத் தன் கையால் ஒதுக்கி, விளக்குக்குப் பக்கத்தில் இடம் பண்ணிக் கொடுத்தான். அன்றைக்கு அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மறுநாள் அவனுக்குப் பிடித்த மீன் குழம்பு இல்லை, பூஜை வீடு. அதனால் கப்பைக்கிழங்கை வேகவைத்து, தேங்காய் அரைத்துப் போட்டு, பாயசமும் வைத்துக் கொடுத்தாள்.

இடையில் அவளுக்குக் கை பரபரத்ததென்னவோ உண்மை. மூடி வைத்த துணியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பங்களாவின் மேல்மாடி நினைவுக்கு வந்தது. ஆனால் சாமிக்கு வைத்ததைத் தொடுவாளா? முடிச்சின்மேல் இட்ட பொட்டுகூட வைத்தபடியே இருக்கிறதா என்று எட்டி நின்று பார்த்ததோடு சரி.

தசமி அன்று விடிந்ததும் தலைக்குக் குளித்தாள். விளக்கேற்றினாள். மூக்கம்மாள் பொரியும் கடலையும் கலந்துகொண்டிருந்தாள். கற்பகம் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். கனம் சரியாகத்தான் இருந்தது. துணி விலகியதும் உள்ளே இருந்தது, பெட்டி ஆட்டோவிலிருந்து கழற்றிய தேய்ந்த பிரேக் ஷூ.

கொஞ்ச நேரம் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பாண்டியராஜன் வண்டிக்குச் சாமந்தி மாலை கட்டிவிட்டு முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் கையில் இருந்ததைப் பார்த்தான். எனக்குத் தெரியாது என்று சொல்லவில்லை.

ஷிபுவிடம் கொடுத்துவிட்டேன் என்றான். அடுத்த மாதம் காண்ட்ராக்ட் புதுப்பிக்கிறார்கள் இல்லையா, பெயரை எழுதுவதும் அடிப்பதும் அந்த ஆள் கையில்தானே இருக்கிறது, ஆசைப்பட்டுக் கேட்ட சாமானைக் கொடுக்காமல் இருந்தால் உன் வேலைக்கு உலை வைத்துவிடுவார், உன்னிடம் கேட்டால் நீ விட மாட்டாய், அதனால்தான் சொல்லவில்லை என்றான். நாலு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்ததுபோல் தடங்கலில்லாமல் வந்தது பேச்சு.

கற்பகம் யோசித்துப் பார்த்தாள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. காண்ட்ராக்ட் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். வேலைக்காகத்தானே என்று மனசை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போயிருப்பாள். ஒரே ஒரு விஷயம் இடித்தது. ஷிபு அப்படிப்பட்ட ஆள் இல்லை. அவர் கேட்டது ஒரே தடவை. முடியாது என்றதும் மறந்துவிட்டார். அவள் போனை எடுத்தாள். பாண்டியராஜன் வேண்டாம் என்பதுபோல் கையை உயர்த்தினான். அதற்குள் மணி போய்விட்டது.

“எனிக்கு ஒண்ணும் அறியில்ல சேச்சி,” என்றார் ஷிபு. “சேட்டனை நான் கண்டிட்டே ஒரு வருஷமாச்சு. என்னாச்சு?”

ஒன்றுமில்லை என்று போனை வைத்தாள்.

பிறகு அவன் ஒளிக்கவில்லை. நவமி அன்று காலையில், அவளும் மூக்கம்மாளும் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில் எடுத்துக்கொண்டு போய், படகுத்துறையில் நின்று காயலில் போட்டுவிட்டதாகச் சொன்னான். விற்கவில்லை. யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

பொரித் தட்டோடு வாசலுக்கு வந்த மூக்கம்மாள் அதைக் கேட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தம்பிக்காக எப்போதும் வரிந்துகட்டுகிறவள், வித்திருந்தாலாவது ஒரு பொருள் வந்திருக்குமேடா என்று மட்டும் முனகினாள்.

கற்பகமும் அதைத்தான் நினைத்தாள். விற்றிருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். மூக்கம்மாளுக்கே கொடுத்திருந்தால் சண்டை போட்டு வாங்கியிருக்கலாம். தண்ணீரில் போட்டவனிடம் எதைப் போய்க் கேட்பது? அவன் கை இன்னும் கண்ணாடியில் அதே இடத்தைத்தான் துடைத்துக்கொண்டிருந்தது. அங்கே அழுக்கு ஒன்றும் இல்லை.

“நான் உங்களுக்கு என்ன குறை வச்சேன்?” என்று கேட்டாள். “வேளைக்குச் சோறு இல்லாம இருந்துச்சா? துணி துவைக்காம கிடந்துச்சா? ஏன் இப்படிப் பண்ணினீங்க?”

அவன் துடைப்பதை நிறுத்தினான். அவளைப் பார்க்காமல், மாலையில் உதிர்ந்த ஒரு சாமந்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“மூணு வாரமா அதப் பாத்து நீ தனியா சிரிச்சுக்கிட்டு இருந்த, கற்பகம், பதினோரு வருஷத்துல என்னைப் பாத்து நீ ஒருநாளும் அப்படிச் சிரிச்சதில்ல.”