நாற்பத்தேழாம் எண் கட்டுரை

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி வைக்கலாம் என்று சொன்னதே அவள்தான். அந்த நாளிதழில் பதினெட்டு வருடமாகப் பிழை திருத்தும் வேலை. மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி குறைந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது என்பதால் அலுவலகத்தில் எல்லாருக்கும் அவள் 'புள்ளியம்மா'. மாணவர் பக்கத்தைக் கவனிக்கும் ஆசிரியருக்கு 'அவசரம்' என்று பெயர். எதைக் கொடுத்தாலும் அவர் வாயில் வரும் முதல் சொல் அதுதான்.

"பசங்க பேச்சுரிமையைப் பத்தி எழுதட்டும் சார். ஆனா தலைப்பை அப்படி வைக்காதீங்க. வச்சா பாடப்புத்தகத்தை அப்படியே திருப்பி அனுப்புவாங்க. 'சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது'ன்னு வைங்க."

அவசரம் தலையாட்டினார். பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசும் வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது. மகள் படிக்கும் பள்ளிக்கும் போனாள்.

"பயப்படாம எழுதுங்க. பேர் தனி உறையில இருக்கும். எங்க கைக்கு எண் மட்டும்தான் வரும்."

"சார் பத்தி எழுதலாமா மிஸ்?"

"எழுதலாம்."

"மார்க்கைக் குறைச்சுட்டா?"

"அதையும் எழுது."

வகுப்பு சிரித்தது. கடைசி பெஞ்சில் அவள் மகள் மட்டும் சிரிக்கவில்லை. அம்மா பள்ளிக்கு வந்து நின்றால் எந்தப் பெண்தான் சிரிப்பாள் என்று புள்ளியம்மா நினைத்துக்கொண்டாள்.

எண்பத்து மூன்று கட்டுரைகள் வந்தன. பதினொன்று 'கருத்துச் சுதந்திரம் நம் மூச்சு' என்று தொடங்கின. நான்கு ஈயடிச்சான் காப்பி, எழுத்துப்பிழை உட்பட. சில உண்மையிலேயே நன்றாக இருந்தன. கழிப்பறைக்குப் பூட்டு இல்லாததைப் பற்றி ஒரு பெண், அண்ணன் தன் கைபேசியைத் திறந்து பார்ப்பதைப் பற்றி இன்னொருத்தி. புள்ளியம்மா மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து படித்தாள்.

நாற்பத்தேழாம் எண்ணை எடுத்தபோது மணி மூன்று.

'எங்கள் அப்பா மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். அம்மா பத்திரிகையில் வேலை பார்க்கிறாள். ஆறு மாதத்துக்கு முன் அப்பா அந்தப் பத்திரிகைக்கு வாசகர் கடிதம் ஒன்று எழுதினார். எக்ஸ்ரே அறையின் கதவு சரியாக மூடுவதில்லை, வெளியே பெஞ்சில் கர்ப்பிணிகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எட்டு வரி. நான்தான் தபாலில் போட்டேன். அது வெளிவரவில்லை. ஊருக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை போல என்றார் அப்பா. அதற்குப் பிறகு எதையும் எழுதவில்லை. போன மாதம் ஒரு சொல்லுக்கு அர்த்தம் தேடி அம்மாவின் அகராதியைத் திறந்தேன். உள்ளே அந்தக் கடிதம் இருந்தது.'

புள்ளியம்மா நாற்காலியை விட்டு எழுந்தாள். மீதியை நின்றபடியே படித்தாள்.

'அம்மா கெட்டவள் இல்லை. அப்பாவின் வேலை போய்விடும் என்று பயந்திருப்பாள். நல்லவர்கள் அன்பினால் நம் வாயை மூடும்போது யாரிடம் போய்ப் புகார் சொல்வது? எனக்குத் தெரியவில்லை.'

எல்லாம் உண்மை. அச்சுக்குப் போக இருந்த பக்கத்திலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தது அவள்தான். "இதுக்கு ஆதாரம் இல்ல, வேற ஒண்ணு போட்டுக்கலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். யாரும் கேள்வி கேட்கவில்லை. கிழித்துப் போட மட்டும் மனம் வரவில்லை.

கட்டுரையைக் கைப்பைக்குள் திணித்தாள். வெளியே எடுத்தாள். மறுபடி திணித்தாள். தண்ணீர் குடிக்கப் போய், குடிக்காமலே திரும்பி வந்தாள். போட்டியின் நான்காவது விதி நினைவுக்கு வந்தது: ஊழியர்களின் குடும்பத்தினர் கலந்துகொள்ளக் கூடாது. அந்த வரியில் பிழை திருத்தியதும் அவளேதான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், முறைப்படி தள்ளிவிடலாம். அப்படித் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போய் எந்த முகத்தோடு கதவைத் தட்டுவது?

மறுநாள் நடுவர்கள் கூடினார்கள். அவசரம், அவள், வெளியிலிருந்து வந்த வக்கீலம்மா.

"நாப்பத்தேழு எங்க? எண்பத்து ரெண்டுதான் இருக்கு" என்றார் வக்கீலம்மா.

புள்ளியம்மா பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். "இது என் பொண்ணு எழுதினது. படிச்சுப் பாருங்க."

இருவரும் படித்து முடிக்கும்வரை அவள் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். அவசரத்துக்கு முகம் சிவந்தது. "நல்லவேளை, விதி இருக்கு. தூக்கி வச்சுடலாம். நம்ம பேப்பர் பேரும் கெடாது."

"பரிசுதான் குடுக்கக் கூடாது" என்றார் வக்கீலம்மா. "போடக் கூடாதுன்னு எந்த விதியில இருக்கு?"

"என்னம்மா, ஊர்ப் பசங்களையெல்லாம் எழுது எழுதுன்னு சொல்லிட்டு..." என்று புள்ளியம்மாவிடம் ஆரம்பித்த அவசரம் பாதியில் நிறுத்திக்கொண்டார். தானும் இப்போது அதையேதான் செய்யச் சொல்கிறோம் என்பது அவருக்கே உறைத்துவிட்டது.

"போடலாம் சார்" என்றாள் அவள். "ரெண்டு பேர்கிட்ட கேட்டுட்டு வரேன்."

முதலில் மகள். பள்ளி வாசலிலேயே பிடித்துவிட்டாள்.

"விதி தெரியாதாடி உனக்கு?"

"தெரியும். பரிசுக்கா எழுதினேன்? நீ முழுசாப் படிக்கணும்னு எழுதினேன். வீட்ல சொன்னா பாதியிலேயே சமாதானம் சொல்ல ஆரம்பிச்சிடுவ."

"அப்பாகிட்ட ஏன் சொல்லல?"

"அதை நீதான் சொல்லணும்."

புள்ளியம்மாவுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று பிரித்துப் பார்க்க முடியாத கோபம். "பேர் போடலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

"போடு."

மருத்துவமனைக்குப் போனபோது எக்ஸ்ரே அறைக்கு வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். கதவுக்கும் நிலைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. நிறைமாதக்காரி ஒருத்தி அதற்கு நேர் எதிரே உட்கார்ந்து கைபேசியில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கணவர் வெளியே வந்து, பெண்டாட்டியைப் பார்த்துப் பதறினார்.

"என்ன, பாப்பாவுக்கு ஏதாவது...?"

"ஒண்ணுமில்ல. இதைப் படிங்க."

படிக்கட்டுக்கு அடியில் நின்று படித்தார். இரண்டு தரம் படித்தார் என்று தோன்றியது. மடித்த தாளை அவளிடம் நீட்டாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"தினம் காலையில வாசகர் கடிதப் பக்கத்தைத்தான் முதல்ல திறப்பேன். நீ எதிர்ல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருப்ப."

அவள் கைப்பையின் வாரைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"என் வேலை போயிடும்னு பயந்தியா, உன் வேலை போயிடும்னா?"

"ரெண்டும்தாங்க."

"ரெண்டும்" என்று அவரும் சொல்லிப் பார்த்தார். உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். போகிற போக்கில், "பொண்ணு எழுதினதைப் போடுங்க. என்னோட பழசு வேண்டாம். இந்த ஆறு மாசத்துல கதவு இன்னும் இறங்கிடுச்சு. புதுசா எழுதித் தரேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மகளின் கட்டுரையும் கணவரின் புதுக் கடிதமும் ஒரே பக்கத்தில் வந்தன. கட்டுரையின் கீழே, 'போட்டிக்கு உட்படாதது. கட்டுரையில் குறிப்பிடப்படும் கடிதத்தை நிறுத்தியவர் இந்தப் போட்டியின் நடுவர்' என்று ஒரு வரி. அதை எழுதித் தந்தது புள்ளியம்மா. முதலாளி கூப்பிட்டு அரை மணி நேரம் காய்ச்சி எடுத்தார், ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை. கணவருக்கு அனுமதியின்றிப் பத்திரிகைக்கு எழுதியதாக விளக்கம் கேட்டு ஓலை வந்தது. அவரைப் பழைய கோப்புகள் அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். பெஞ்சுகள் மட்டும் அந்த வாரமே வராந்தாவின் மறுகோடிக்குப் போய்விட்டன. கதவுக்கு அளவெடுத்திருப்பதாகச் சொன்னார்கள்.

வீடு பழையபடி இல்லை. கணவர் அவளோடு தேவைக்கு மட்டும் பேசினார். 'உப்பு', 'சாவி', 'மழை வருது' என்று ஒற்றைச் சொற்கள். அவள் தூக்கம் கெட்டு, அலமாரியைக் கலைத்து அடுக்கினாள். அடுக்கியதை மறுபடி கலைத்தாள். சொல்லாமல் விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்போமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தாள். இந்த ஆறு மாதமும் நிம்மதியாக இல்லையே என்பதுதான் கிடைத்த பதில்.

பத்து நாள் கழித்து மகள் பள்ளியிலிருந்து வந்து பையை வீசினாள்.

"தலைமையாசிரியை கூப்பிட்டாங்க. இனிமே வெளியில எதை அனுப்பினாலும் முன்னாடியே அவங்ககிட்ட காட்டணுமாம். எல்லாப் பொண்ணுங்களுக்கும் சொல்லப் போறாங்களாம்."

"நீ என்ன சொன்ன?"

"யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்னேன். யோசிச்சுட்டேன். முடியாதுன்னு சொல்லப் போறேன்."

'வேண்டாம்டி, இது பரீட்சை வருஷம்' என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். கணவர் செய்தித்தாளைத் தாழ்த்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு நானும் வரேன்" என்றாள்.

"வேண்டாம்மா. நானே பேசிக்கறேன்."

"உள்ள வரல. வெளியில நிக்கறேன்."

மகள் வீசிய பையை எடுத்து ஆணியில் மாட்டினாள். "சரி. ஆனா வெளியிலதான்."

மறுநாள் காலை தலைமையாசிரியை அறைக்கு முன்னால் புள்ளியம்மா நடந்துகொண்டிருந்தாள். உட்காரச் சொன்ன எழுத்தரிடம் "பரவாயில்லை" என்றாள். உள்ளே தலைமையாசிரியையின் குரல் ஏறியது, இறங்கியது. பிறகு மகளின் குரல். என்ன சொல்கிறாள் என்று பிடிபடவில்லை. இடையில் நிற்காமல், ஒரே சீராக, நீளமாகப் பேசிக்கொண்டே இருந்தாள்.