பன்னிரண்டு வயதுக்குட்பட்ட அப்பா

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், 2004ஆம் ஆண்டு ஆடி மாதத்தின் ஒரு செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்றேகால் மணிக்கு, சிவகாசியின் ஓர் அச்சகத்தில் ஆங்கில மொழி இரண்டு சொல் எடை குறைந்தது.

குறைத்தவர் சுந்தரபாண்டி, எம்.ஏ. சாத்தூரில் டுட்டோரியல் நடத்துகிறவர். புஸ்வாணப் பெட்டியின் எச்சரிக்கை வாசகம் கட்டத்துக்குள் அடங்கவில்லையென்று அச்சக முதலாளி முகம்மது நூகு அவரை வரவழைத்திருந்தார். இந்த லேபிள் தேறிவிட்டால், புஸ்வாணம் செய்யும் பட்டாசு கம்பெனியின் சீசன் லேபிள் அத்தனைக்கும் ஆங்கிலம் அவர்தான். டுட்டோரியலில் மிஞ்சிய நாலு பேரில் இருவர் டைப்ரைட்டிங்குக்குத் தாவிவிட்ட நிலையில், இலக்கணம் அவருக்கு இரவுச் சோற்றுப் பிரச்சினையாகவும் இருந்தது.

'இஃப் யூ ஆர் அண்டர் ட்வெல்வ், யுவர் ஃபாதர் மஸ்ட் லைட் இட்.' அதாவது, நீ பன்னிரண்டு வயதுக்குட்பட்டிருந்தால் உன் அப்பாதான் கொளுத்த வேண்டும்.

சுந்தரபாண்டி சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"இது அட்வெர்ப் க்ளாஸ். வாக்கியத்துக்குள்ள ஒரு குட்டி வாக்கியம். எழுவாயத் தூக்கிட்டா ஃப்ரேஸா சுருங்கிரும். வெள்ளைக்காரனே இப்படித்தான் எழுதுவான்."

'யூ ஆர்' போயிற்று. வரி கட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. நூகு வியந்தார். கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும் ஷாஹிதா வியக்கவில்லை.

"சார், இப்ப யாருக்குப் பன்னெண்டு வயசு?"

"பிள்ளைக்குத்தான்."

"பிள்ளையத்தான் நீங்க வெட்டிட்டீகளே! மிச்சம் இருக்கது அப்பா மட்டும்ல?"

சுந்தரபாண்டி பேனாவை மூடினார். இரண்டு பாதிக்கும் எழுவாய் ஒன்றாயிருந்தால்தான் வெட்டலாமென்று போன வாரம்தான் கரும்பலகையில் எழுதி, அடிக்கோடும் இட்டிருந்தார். அதற்காக ஓர் எம்.ஏ. இறங்கிவர முடியுமா?

"எழுவாய் உள்ள மறைஞ்சிருக்கும்மா. அது ஹையர் கிராமர்."

"ஆறாப்பு படிக்கிறவனுக்கு யாரு சார் பொண்ணு குடுத்தா?" என்றார் நூகு, உண்மையான கவலையோடு.

சுந்தரபாண்டி குரலைத் தாழ்த்தினார். "தாயி, நீயே ஒண்ணு சொல்லேன்."

ஷாஹிதா முன்பாதியைத் தொடவில்லை, பின்பாதியை மாற்றினாள். 'இஃப் அண்டர் ட்வெல்வ், ஆஸ்க் யுவர் ஃபாதர்.'

"வயசும் பிள்ளைக்கு, கேக்குறதும் பிள்ளை. அப்பா தப்பிச்சாரு."

"இதத்தான் நான் சொல்லவந்தேன்" என்று சுந்தரபாண்டி மீண்டும் எம்.ஏ. ஆனார்.

மத்தியானம் விஸ்வநத்தத்திலிருந்து கம்பெனி முதலாளி ஊர்க்காவலன் வந்தார். மயில் படம் போட்ட லேபிளை எட்டப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, நெடுநேரம் பார்த்தார்.

"மயிலு நல்லாருக்கு. காலு எங்க?"

"அங்கன இங்கிலீசு இருக்கு அண்ணாச்சி" என்றார் நூகு.

"எச்சரிக்கைதான் தமிள்ல இருக்குல்ல? இங்கிலீச எடுத்துட்டுக் கால வைங்க. எல்லா லேபிளுக்கும் இதான்."

மயிலுக்குக் கால் வந்தது.