வலது பக்கத்து ஒட்டு

கம்ப்ரஸர் நின்றதும் பட்டறையில் கொஞ்ச நேரம் யாருக்கும் காதே கேட்கவில்லை. தகரத் தடுப்புக்குப் பின்னாலிருந்து, இரும்புத் துருவை உரிக்க மணல் அடிக்கிறவன் வெளியே வந்தான். தலையை மூடியிருந்த கவசத்தைக் கழற்றிய பிறகுதான் உள்ளே முப்பது வயதில் ஒரு சிரித்த முகம் இருப்பது தெரிந்தது. "வந்து பாருங்கக்கா, உங்க வண்டியோட எலும்பை" என்றான்.

அவள் பதினெட்டு வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். ஊருக்கே வேன் அக்கா. வேலையை விட்டு நாலு வருடமாயிற்று. வேன் வீட்டுக்குப் பின்னால் துருவேறிக் கிடந்தது. இப்போது பாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அடிச்சட்டமான சேசிஸை மணலடித்துச் சுத்தம் செய்து, பெயின்ட் பூசி, மறுபடி எல்லாவற்றையும் பூட்டி, இரண்டு பேருமாக எங்கேயாவது கிளம்பிப் போவதாகத் திட்டம். திட்டம் அவள் கணவருடையது. இரும்புக் கேட்டும் கிரில்லும் வெல்டிங் செய்தே நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட மனிதர். தூசிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவளைக் காவலுக்கு அனுப்பியிருந்தார். கையில் ஒரு சீட்டு வேறு. அதில் ஒன்பது உத்தரவுகள். கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு: 'வலது பக்கம் நடுவில் மணல் அடிக்க வேண்டாம். அங்கே நானே சுத்தம் செய்துவிட்டேன்.'

காலையிலேயே மணல்காரன் அதைப் படித்துவிட்டு, "பாதித் தாடியை மட்டும் சிரைச்சு விட்டா நல்லாவாக்கா இருக்கும்? விட்ட இடத்துலதான் துரு குடும்பம் நடத்தும்" என்று முழுசாகவே அடித்துவிட்டான். அவளும் தடுக்கவில்லை.

இரும்புத் தாங்கிகளின் மேல் சேசிஸ் கிடந்தது. சேறும் எண்ணெயும் பழைய கறுப்பும் போய், மழை வரப்போகும் வானத்தைப் போலச் சாம்பலாக வெளிறியிருந்தது. தொடப் போனாள். "ஐயையோ, கை ஈரம் பட்டா அங்கயே துரு ஏறும். இந்த நிறம் மூணு மணி நேரம்தான். அதுக்குள்ள ப்ரைமர் அடிச்சாகணும்" என்றவன், வலது பக்கத்து நீள இரும்பைக் காட்டினான். "ஒரு காலத்துல இந்த இடம் விண்டு போயிருக்கு, பாருங்க."

மேலிருந்து கீழாக ஒரு தழும்பு. அதன்மேல் சாய்சதுரமாக வெட்டிய தடித்த பட்டை ஒன்று, சுற்றிலும் வெல்டிங். "விவரம் தெரிஞ்ச ஆளு. நேரா வெட்டி ஒட்டியிருந்தா விளிம்புல மறுபடி விண்டிருக்கும். கம்பெனி இரும்பைவிட இது கெட்டி."

ஆளை அவளுக்குத் தெரியும். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த மீன் செதில் போன்ற அந்த வெல்டிங் வரிசையை வீட்டு ஜன்னல் கிரில்லில் தினமும் துடைக்கிறாள்.

வேன் வாங்கிய முதல் வருடம். பிள்ளைகளை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பியபோது மழையில் பாலத்துச் சுவரில் மோதி, ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. கணவர் ஓடி வந்து குனிந்து பார்த்தார். "பம்பர்தான். ரெண்டு நாள்ல தட்டிக் குடுத்துடறேன்." ஐந்து நாளாயிற்று. ஒரு பம்பருக்கு ஐந்து நாளா என்று அவள் கேலி செய்தாள். அதற்குப் பிறகு பார்த்தவரிடமெல்லாம், "அந்த மோது மோதியும் பம்பரைத் தவிர ஒண்ணும் ஆகலை, நம்ம கை அப்படி" என்று அளந்தாள். அவர் பக்கத்தில் நின்று தலையாட்டுவார்.

ஒரு நடைக்குப் பதினாறு பிள்ளைகள். போனை எடுத்தாள்.

"உடைஞ்ச சேசிஸ்லயா என்னைப் பிள்ளைங்களை ஏத்த விட்டீங்க?"

"வர்றேன்," என்றார் அவர்.

அரை மணி நேரத்தில் மூக்கில் ஈரத்துண்டோடு வந்து நின்றார். அவளைப் பார்க்காமல் ஒட்டையே பார்த்தார்.

"மணல் அடிக்க வேண்டாம்னு எழுதியிருந்தேனே."

"கோடு வேற போட்டிருந்தீங்க."

அவர் துண்டை இறக்கினார். "ஒட்டி முடிச்சதும் பிள்ளைக்கு ஒண்ணுன்னு பதினாறு மூட்டை சிமென்ட் ஏத்தி, இருக்கிற மோசமான ரோட்டுலயெல்லாம் ஓட்டிப் பாத்தேன். அப்புறம்தான் உன் கையில சாவி குடுத்தேன். வருஷா வருஷம் லீவுல அடியில படுத்து அந்த இடத்தைப் பாப்பேன்."

"ஆயில் மாத்தறேன்னு சொன்னீங்க."

"ஆயிலும் மாத்தினேன்."

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. விடவில்லை. "எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"அன்னைக்கு உனக்குத் தண்ணி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியலை. சொல்லியிருந்தா மறுபடி ஸ்டியரிங்கைத் தொட்டிருப்பியா?"

"தொட்டிருக்க மாட்டேன். ஆனா அதை நான்ல முடிவு பண்ணியிருக்கணும்?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார், இருமல் வந்தது. அது அடங்கியதும் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "ஆமா," என்றார். "அது தப்புதான்."

மணல்காரன் மெதுவாகத் தொண்டையைச் செருமினான். "நேரம் போகுது. கிரைண்டர்ல தேய்ச்சு மேல பட்டி மாவு வெச்சுட்டா ஒட்டே தெரியாது. வெக்கட்டுமா?"

கேட்டது அவரைப் பார்த்து. அவர் அவளைப் பார்த்தார்.

"வேண்டாம்," என்றாள். "அது அப்படியே தெரியட்டும். இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை நானும் அடியில படுத்துப் பாக்கணும்ல."

ப்ரைமர் ஏறியது. சாம்பல் நிறம் ஓரத்திலிருந்து செங்காவியாக மாறிக்கொண்டே வந்தது. ஒட்டின் மேலும் ஒரே சீராகப் படிந்தது, செதில்கள் மறையவில்லை. பெட்டிபோல் உள்ளே வெறுமையான அந்த நீள இரும்புக்குள் மட்டும் ஸ்ப்ரே கன் எட்டவில்லை. அங்கே பிரஷ்தான் என்றான் மணல்காரன். அவன் கை தடிமன், ஒட்டுக்குப் பக்கத்திலிருந்த துவாரத்தில் நுழையவில்லை. அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பிரஷை வாங்கினாள்.

"நீங்க வாசல்ல நில்லுங்க. இந்த நெடி ஆகாது."

அவர் போனார். ஆனால் சேசிஸின் மறுமுனை வாசல் வரை நீண்டிருந்தது. அங்கே குந்தி உட்கார்ந்து டார்ச்சை உள்ளே அடித்தார். போல்ட் துளைகள் ஒவ்வொன்றிலும் வெளிச்சம் எட்டிப் பார்த்தது.

"இன்னும் கொஞ்சம் உள்ள," என்றது குரல், இரும்புக்குள்ளிருந்து வருவதுபோல.

"இங்கயா?"

"அங்கதான்."

தோள் வரை கையை நுழைத்து, கண்ணால் பார்க்க முடியாத அந்த இடத்தில், அவள் பிரஷை நிதானமாக மேலும் கீழும் இழுத்தாள்.