தலைவர் நாற்காலி

அறுபத்தொன்பதாம் வருஷம் ஐப்பசியில் என் கணவர் கலியாணசுந்தரம் இறந்தார். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பேசியது எங்கள் பட்டுக் கம்பெனியைப் பற்றித்தான். "சும்மா பூட்டிட்டுப் போயிடாதீங்க. முறைப்படி மூடுங்க. இல்லன்னா அவங்க இதுலயே மாட்டிக்கினு இருப்பாங்க." அவங்க என்றது, ஆளுக்கொரு பங்கு வைத்திருந்த எங்கள் நெசவாளர்களை.

அவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் இடம் கிடைக்க வேண்டும். கம்பெனியை மூடத் தீர்மானம் போட்டுப் பதிவு செய்த தாளைப் பங்குனி முடிவதற்குள் காட்டினால்தான் சேர்ப்போம் என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். எங்கள் தறிகளில் பாவு நூல் தீர்ந்துகொண்டிருந்தது.

தை மாதம் தறிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். கணவர் இறந்து வருஷம் திரும்பாதவள் சபைக்கு வரும் வழக்கமில்லை. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். கூட்டாளி மயில்வாகனம் தலைவர் நாற்காலியில் உட்கார மறுத்து, என் கணவரின் படத்தை மாலையோடு அதில் வைத்தார். தீர்மானத்துக்கு எல்லோரும் கை தூக்கினார்கள். தலைமை கலியாணசுந்தரம் என்று நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதி, அதையே மெட்ராஸில் கம்பெனிப் பதிவு ஆபீசுக்கு அனுப்பினார்கள்.

தாள் திரும்பி வந்தது. கூடவே ஆடிட்டர் சிட்டிபாபுவும் வந்தார்.

"செத்துப்போனவர் எப்படிய்யா தலைமை தாங்கினார்?"

"அவர் இருந்தப்பவும் கூட்டத்துல வாயத் தொறக்க மாட்டாரு சார்," என்றான் நெசவாளி பழனி. "எங்களுக்கு வித்தியாசம் தெரியல."

யாரும் சிரிக்கவில்லை. புதிதாக நோட்டீஸ் கொடுத்து, மறுபடி கூடும்போது பங்குனி பிறந்துவிட்டது. நாற்காலியில் அதே படம். மயில்வாகனம் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உக்காருங்க சார்," என்றார் ஆடிட்டர்.

"அண்ணன் நாற்காலி சார் அது. என்னால ஆவாது."

"இன்னிக்கு விட்டா மறுபடி நோட்டீஸ் கொடுக்க நாளில்ல, இவங்களுக்குச் சங்கம் கிடையாது. அவர் பங்குங்க அவங்க வீட்டம்மா தில்லையம்மாள் பேருக்கு மாறியாச்சே. அவங்க உக்காரலாம்."

கதவுக்குப் பின்னால் என்னோடு நின்ற என் நாத்தனார் கிருஷ்ணம்மாள் என் முழங்கையைப் பிடித்தாள். "வருஷம் திரும்பலியே அண்ணி. தெருவுல என்னா பேசுவாங்க?"

கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனேன். படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஆடிட்டர் எழுதிக் கொடுத்ததைப் படித்தேன். "கம்பெனிய மூடச் சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. பழனி மெல்லச் சொன்னான்: "போன தடவ அவர் மூஞ்சியப் பாத்துத் தூக்கிட்டோம். உங்களப் பாத்துக்கினு எப்டிம்மா தூக்குறது?"

மடியில் இருந்த படத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். அதை மயில்வாகனத்திடம் நீட்டினேன். அவர் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். நான் கை தூக்கினேன். பிறகு பழனி தூக்கினான். பிறகு ஒவ்வொருவராக.

"தலைமை யார்னு எழுதட்டும்?" என்றார் ஆடிட்டர்.

"தில்லையம்மாள்," என்றேன்.