சொல்லாமல் வைத்த சாவு

நர்ஸம்மாவின் வீட்டுக்காரர் செத்து மூன்று வருஷம் ஆகிறது. ஆனாலும் அன்று காலை ஏழு மணிக்கு அவர்தான் செய்தி வாசித்தார்.

பேய் பிசாசு என்று கிளம்பிவிடாதீர்கள். பேயாக இருந்திருந்தால் ஒரு வகையில் நிம்மதி, பேய் யார் பேச்சையும் கேட்டு நடக்காது. மனுஷர் முப்பது வருஷம் அரசு வானொலியில் வாசித்தவர். குரல்காரர் என்றுதான் ஊரே கூப்பிடும். வெள்ளமோ சண்டையோ, அவர் சொல்லிவிட்டால் அப்பீலே கிடையாது. கடல் தாண்டி வந்த கம்பெனி ஒன்று அவரைச் சத்தம் புகாத அறையில் நாற்பது நாள் உட்காரவைத்துப் பேசச் சொல்லி, குரலை முழுசாக வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு ரயில் நிலையம், ஆஸ்பத்திரி, போன், செய்தி எல்லாவற்றிலும் அவர் குரல். பேசியது கம்பெனியின் மெஷின்.

அவர் கண்ணை மூடிய அன்றே கொழுந்தன் வந்தான். தகவல் அமைச்சகத்தில் பெரிய பதவி.

"அண்ணி, இப்போதைக்கு வெளியில சொல்ல வேண்டாம். ஜனங்க பதறிடுவாங்க. அண்ணன் குரல் பாட்டுக்கு ஓடட்டும்."

நாலே பேர் போய் அடக்கம் செய்தார்கள். பேப்பரில் ஒரு வரி வரவில்லை. விசாரித்தவர்களிடம், வேலை அதிகம், ஸ்டேஷனிலேயே தங்கிவிடுகிறார் என்று நர்ஸம்மா சொல்லிவைத்தாள். நாட்டுக்காக ஒன்றும் இல்லை. சமையலறையில் அந்தக் குரல் கேட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

அதற்கு முந்தின வாரம் கம்பெனிக்கும் அரசாங்கத்துக்கும் முட்டிக்கொண்டது. நாட்டு மக்களின் தகவல் மொத்தத்தையும் திருப்பிக் கொடு என்றது அரசாங்கம். முடியாது என்றது கம்பெனி. அப்படியானால் மூட்டையைக் கட்டு என்றார்கள். அதற்குப் பதில்தான் அன்றைய ஏழு மணிச் செய்தி. "அமைச்சரவை கலைந்துவிட்டது. எல்லையில் இருக்கும் வீரர்கள் ஆயுதங்களை வைத்துவிட்டு வீடு திரும்பலாம்."

இரண்டு சாவடிகளில் நிஜமாகவே திரும்பிவிட்டார்கள். சொன்னது குரல்காரர் ஆயிற்றே.

பத்து மணிக்குக் கொழுந்தன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"அண்ணி, அண்ணன் செத்துட்டார்னு நீங்க வந்து சொல்லணும். பழைய ஒலிபரப்புக் கருவி ஒண்ணுதான் எங்க கையில மிச்சம்."

"அமைச்சர் சொல்லட்டுமே."

"அவர் சொன்னா யார் நம்புவா?"

"இறப்புச் சான்றிதழ் இருக்கே, அதைக் காட்டு."

"அதுவும் கம்பெனி மெஷின்லதான் இருக்கு. இன்னைக்குத் தேடினா, உயிரோட இருக்கார்னு வருது."

"அன்னைக்கு வாயை மூடுன்னே. இன்னைக்குத் திறன்னு சொல்றே. நல்ல பொழப்புடா உங்களுது." பிறகு கேட்டாள். "நான் சொன்னா அந்தக் குரல் நின்னுடுமா?"

"நிக்கணும் அண்ணி."

நின்றுவிடுமோ என்பதுதான் அவளுக்குப் பயம். ஒரு தடவை மண்ணில் வைத்தாயிற்று, இனி தன் வாயாலேயே வைக்க வேண்டும். ஆனாலும் ஆளில்லாத அந்தச் சாவடிகளை நினைத்தாள். புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

ஒலிபரப்பு அறையில் ஒரு நிமிஷம்தான் பேசினாள்.

"என் வீட்டுக்காரர் செத்து மூணு வருஷம் ஆச்சு. என் மடியிலதான் உயிர் போச்சு. இப்போ பேசுறது அவர் இல்லை. மறைச்சது என் தப்பு, மன்னிச்சிடுங்க."

வெளியே வந்தபோது நடையில் நின்றவர்கள் எல்லோரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு நிமிஷம் ஆகியிருக்கும். எல்லாப் போனும் ஒரே நேரத்தில் பேசின.

"நண்பர்களே, நான் நலமாக இருக்கிறேன். சற்றுமுன் பேசியது என் மனைவிதான். பாவம், மிரட்டிப் பேச வைத்திருக்கிறார்கள். அவள்மேல் யாரும் கோபப்படாதீர்கள்." பிறகு குரல் தணிந்தது. "நீ ஒண்ணும் பயப்படாதே. நான் வீட்டுலதான் இருக்கேன். வந்துடு."

நடையில் இருந்தவர்கள் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். நம்பிவிட்டார்கள் என்று தெரிந்தது.

கொழுந்தன் அவள் கையைப் பிடித்தான். "அண்ணி, அது பொய்."

"எனக்குத் தெரியாதா? நான்தானேடா கண்ணை மூடிவிட்டேன்."

கையை விடுவித்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். வீட்டுப் பக்கம்தான் நடந்தாள். பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.