துரு வராத அறை

பெயின்ட் கம்பெனியின் ஆராய்ச்சி அறைக்குள் இரும்பு துருப்பிடிப்பது ஒரு செவ்வாய்க்கிழமையோடு நின்றுபோனது. அன்றைக்கு ரசாயனக்காரி தன் நாற்பத்தாறாவது கலவையைத் தகட்டில் பூசி, பூசாத தகடு ஒன்றையும் பக்கத்தில் வைத்து, இரண்டையும் உப்புத் தண்ணீரில் இறக்கியிருந்தாள். பூசாதது துருப்பிடித்தால்தான் பூசியது தேறியதாகக் கணக்கு. வெளிநாட்டு பெயின்ட் கடைகளை நிறைத்துக்கொண்டிருந்த நேரம் அது. ஆராய்ச்சிச் செலவில் பாதியை அரசாங்கமும் பாதியைக் கம்பெனியும் ஏற்றிருந்தன. கெடு மூன்று வருடம். சோதனை பதிவு பெற்ற அறைக்குள்தான் நடக்க வேண்டும் என்பது விதி.

எட்டு மாதம் ஆகியும் பூசாத தகடு கண்ணாடி போலப் பளபளத்தது. மேனேஜர் தலையில் கை வைத்தார்.

"அதை வெளியில போட்டு ரெண்டு நாள் துருப்பிடிக்க வச்சு எடுத்துட்டு வாம்மா."

"அதுக்குப் பேரு சோதனை இல்ல சார், மேக்கப்."

காலாண்டுப் படிவத்தில் இரண்டு தகட்டுக்கும் நேராக 'துரு இல்லை' என்றே எழுதி அனுப்பினாள். சோதனை தேறவில்லை என்று அறையை இழுத்து மூட அரசாங்க அதிகாரி ஒருவர் வந்தார். வந்தவர் ஈரத்துணியில் ஆணியைச் சுற்றிவைத்து ஒன்பது நாள் காத்திருந்தார். பத்தாம் நாள், இப்படியோர் அறை எந்த நாட்டிலும் இல்லை, போட்டியில் நாம் முந்திவிட்டோம் என்று எழுதி, கெடுவைக் காலவரையின்றி நீட்டித்தார். "துருவே வராதுன்னா எவன்யா பெயின்ட் வாங்குவான்?" என்று முதலாளி குதித்தார். ஆனால் எதிர்க் கம்பெனி அதே செங்கல்லில் ஐந்து அறை கட்டுகிறது என்று கேள்விப்பட்டதும் வாயை மூடிக்கொண்டார். அந்த ஐந்திலும் துரு ஒழுங்காக வந்தது.

நாற்பத்தாறு மட்டும் தேறாமலே கிடந்தது. ரசாயனக்காரிக்கு அது ஒன்றுதான் உறுத்தல். அறையிலேயே இருந்ததால் அவளுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. மூட்டுவலியோடு நடந்த தங்கையிடம் ஊரார் "உங்க பொண்ணா?" என்று அக்காவைக் காட்டிக் கேட்டார்கள். ஓய்வு உத்தரவு, பிறந்த தேதியைச் சரிபார்க்கச் சொல்லி இரண்டு முறை திரும்பிப் போனது.

"மிச்சத்தை என் வீட்டு கேட்லயாவது பூசேன்க்கா, வீணாத்தானே கிடக்கு," என்று தங்கை ஒருநாள் சொல்ல, ரசாயனக்காரி பூசிவிட்டாள். அதற்குப் பிறகு இருபத்தாறு மழைக்காலம் போனது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு தடவை கேட் மாற்றினார்கள். தங்கை வீட்டுக் கேட்டில் ஒரு துருப்புள்ளிகூட விழவில்லை.

தங்கை வீடு பதிவு பெற்ற அறை இல்லை. ஆகவே அந்தக் காலாண்டிலும் ரசாயனக்காரி, பூசிய தகடு: துரு இல்லை, பூசாத தகடு: துரு இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு, தங்கையைப் பார்க்கப் போனாள். உள்ளே நுழையுமுன் கேட்டை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.