காலிக்கூடு கொடுத்தால் புதுத் தோட்டா

லியோன்சியா தைத்த திரைச்சீலைகள் ஒரு காலத்தில் கீழே ஊரில் இருந்த பெரிய வீடுகளின் ஜன்னல்களில் தொங்கின. ஜப்பான்காரன் வந்த பிறகு சீலைகள் எங்கே போயினவோ தெரியாது, அவற்றை மாட்டியிருந்த பித்தளைக் கம்பிகள் மட்டும் மின்டனாவோ தீவின் மலைக்கு வந்து சேர்ந்தன. அந்தக் கம்பிகளைத் துண்டு துண்டாக அறுத்து, அரத்தால் ராவி, துப்பாக்கித் தோட்டாவுக்கு மூக்கு செய்வதுதான் இப்போது அவள் வேலை. கொரில்லாப் படையில் நாற்பது பேரும் அவளை மனாங் என்று கூப்பிட்டார்கள். அக்கா என்று அர்த்தம். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். தோட்டா அவள் கையில் இருக்கும்போது வயதைப் பற்றி யார் பேசுவார்கள்!

மலையில் ஒரு சட்டம் உண்டு. சுட்ட தோட்டாவின் காலிக்கூட்டைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் புதுத் தோட்டா. குண்டடி பட்டு வந்தாலும் கூடு வந்தாக வேண்டும். ஆளுக்கு மூன்று தோட்டா, அதற்கு மேல் கிடையாது. பாதிப் பேருக்கு அதுவும் இல்லை, போலோ அரிவாள் மட்டும்தான். கூட்டின் அடியில் பொட்டு மாதிரி ஒரு சின்ன மூடி இருக்கும். துப்பாக்கியின் ஊசி அதைக் குத்தினால்தான் உள்ளே மருந்து பற்றும். லியோன்சியா அந்தப் பொட்டைப் பெயர்த்தெடுத்து, குத்துப்பட்ட பள்ளத்தை ஆணியால் தட்டி நிமிர்த்தி, தீக்குச்சி மருந்தைக் குழைத்து அடைத்து, காயவைத்து, திரும்பப் பொருத்துவாள். ஒரே பொட்டு ஐந்தாறு சண்டை பார்த்திருக்கும். அதனால் அவள் இன்னொரு பாடமும் நடத்தியிருந்தாள்: தோட்டா வெடிக்கவில்லை என்றால் தூக்கி எறியாதே, வெளியே எடு, திருப்பிப் போடு, மறுபடி இழு.

செவ்வாய்க்கிழமை ஆற்றுப்பாலத்தில் அவள் தம்பி டெமெட்ரியோ செத்துப்போனான்.

திட்டம் எளிமையானதுதான். பாலத்தருகே ஜப்பானிய லாரி வேகம் குறைக்கும். லாரி மேல் உட்கார்ந்திருக்கும் காவல்காரனை அனிசெத்தோ முதலில் சுட வேண்டும். அந்தச் சத்தம்தான் மற்றவர்களுக்கு அடையாளம். அதே நொடியில், சத்தத்துக்குக் காத்திராமல், டெமெட்ரியோ அரிவாளோடு ஓட்டுநர் பக்கம் ஏறிவிடுவான். லாரி வந்தது, வேகம் குறைந்தது, டெமெட்ரியோ பாய்ந்து ஏறினான். துப்பாக்கிச் சத்தம் வரவேயில்லை. காவல்காரன் அவசரமே இல்லாமல் திரும்பி, அவன் நெஞ்சில் சுட்டான்.

அனிசெத்தோ கொப்பரை மூட்டை சுமந்து பிழைத்தவன். இருபத்திரண்டு வயது. "ரெண்டு தடவை இழுத்தேன், வெடிக்கல" என்றான். யாரும் நம்பவில்லை. தோழனைக் கைவிட்டவனுக்கு அந்த மலையில் ஒரே தண்டனைதான்.

டெமெட்ரியோவுக்கான ஒன்பது நாள் ஜெபத்தில் நான்காம் நாள் மதியம், கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் விசாரணை நடந்தது. வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கேப்டன் தகுமான் போருக்கு முன் பள்ளிக்கூட வாத்தியார். பழக்கம் விடுமா? எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்திருந்தார்.

"மனாங் தம்பிய சாகக் குடுத்துட்டு, இப்ப மனாங் தோட்டா மேலயே பழி போடுறியா? தொடை நடுங்கின கதைய ஏண்டா மறைக்கிற?" என்று கத்தினான் குண்டன் புருனோ.

"புருனோ, கையத் தூக்கிட்டுப் பேசு" என்றார் கேப்டன்.

புருனோ கையைத் தூக்கினான். "தொடை நடுங்கிட்டான் சார்."

அனிசெத்தோ யாரையும் பார்க்கவில்லை. "அவன் எனக்கும் தம்பி மாதிரிதான்" என்று மட்டும் சொன்னான்.

கேப்டன் வாழையிலைப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து லியோன்சியா கையில் வைத்தார். அன்று அனிசெத்தோ திருப்பிக் கொண்டுவந்த தோட்டா. "நானும் பாத்தேன். பொட்டு முழுக்கத் தழும்பு. எது பழைய சண்டையில பட்டது, எது செவ்வாக்கிழமை பட்டதுன்னு எங்க யாருக்கும் தெரியல. நீங்கதான் சொல்லணும். புதுக்குத்து இல்லன்னா இவன் இழுக்கவே இல்லன்னு அர்த்தம்."

எல்லாக் கண்களும் அவள் மேல் இருந்தன. உள்ளதைச் சொல்வதானால், அந்தப் பொட்டில் புதுக்குத்து இருக்கக் கூடாது என்றுதான் அவள் வேண்டிக்கொண்டாள். நான்கு நாளாக அவளைத் தாங்கிப் பிடித்திருந்தது இந்த அனிசெத்தோ மேல் இருந்த ஆத்திரம்தான். அது இல்லாவிட்டால் தம்பி உடம்பைக் கழுவிய அன்றே அவளும் விழுந்திருப்பாள்.

சட்டைக் கழுத்தில் எப்போதும் குத்தி வைத்திருக்கும் தையல் ஊசியை எடுத்து, நுனியைப் பொட்டின் மேல் மெல்ல இழுத்தாள். பழைய தழும்புகள் அவளே தட்டி மழுக்கியவை. ஊசி வழுக்கிக்கொண்டு போயிற்று. பிறகு ஓரிடத்தில் சிக்கியது. கூர்மையான விளிம்பு. அதை ஒட்டியே இன்னொன்று. எடுத்து, திருப்பிப் போட்டு, மறுபடி இழுத்தால் எப்படி விழுமோ அப்படியே இரண்டு குத்து. அவள் சொல்லிக்கொடுத்த பாடத்தை அனிசெத்தோ ஓர் எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறான். அதைச் செய்து முடிக்கும் நேரத்துக்குள் டெமெட்ரியோ செத்திருக்கிறான்.

அவள் நம்பாமல் மூன்று முறை இழுத்துப் பார்த்தாள். மூன்று முறையும் ஊசி சிக்கியது.

அப்போதுதான், நான்கு நாளாக நினைக்காமல் தள்ளி வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. திங்கட்கிழமை சாயங்காலம். அந்த வாரம் முழுக்க மழை. பொட்டில் அடைத்த மருந்து சரியாகக் காயவில்லை. மூங்கில் தட்டில் பரப்பி, அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தாள். டெமெட்ரியோ அவித்த மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டே வந்து நின்றான்.

"எல்லாருக்கும் குடுத்துரு மனாங். காலைல லாரி வந்துரும்."

"ஈரம் இருக்குடா. வெயில் வரட்டும்."

"வெயில் வந்ததும் வரச் சொல்லி ஜப்பான்காரனுக்கு லெட்டர் போடவா? ஈரமா இருந்தா என்ன, அவனும் நனைஞ்சுதான வருவான்!"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டாள்.

கொட்டகையில் யாரோ இருமினார்கள். இப்போது ஒரு சொல் போதும். பழைய தழும்பு என்று சொன்னால் அதைச் சரிபார்க்க இந்த மலையில் ஆள் இல்லை. தம்பியின் சாவுக்கு ஒருவன் பொறுப்பாகிவிடுவான். மனாங் கை பட்ட தோட்டா பொய்க்காது என்ற பேரும் அப்படியே இருக்கும். அவள் அனிசெத்தோவைப் பார்த்தாள். அவன் தன் வலது கையின் ஆள்காட்டி விரலை இன்னொரு கையால் தேய்த்துக்கொண்டே இருந்தான். இழுத்த விரல்.

"ரெண்டு தடவை இழுத்திருக்கான்" என்றாள்.

கேப்டன், "நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"நல்லாப் பாத்துட்டேன். தப்பு அவன் மேல இல்ல. மருந்து காயல. காயலன்னு தெரிஞ்சேதான் குடுத்தேன்." ஒரு கூடையை நடுவில் இழுத்து வைத்தாள். "அன்னிக்கு வாங்கினவங்க எல்லாரும் இப்பவே திருப்பிக் குடுங்க. ஒண்ணையும் நம்பாதீங்க."

ஒவ்வொருவராக எழுந்து வந்து கூடையில் போட்டார்கள். புருனோ கடைசியாக வந்தான். மூன்று தோட்டாவையும் வைத்துவிட்டு, அனிசெத்தோ பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். அன்று மாலையே படை முழுவதும் வெறும் துப்பாக்கிகளைத் தூக்கிக்கொண்டு மலையில் இன்னும் மேலே ஏறிப் பதுங்கியது.

ஜெபம் முடிந்த மறுநாள் வெயில் வந்தது. லியோன்சியா அனிசெத்தோ இழுத்தும் வெடிக்காத அந்த ஒரு தோட்டாவை மட்டும் முதலில் பிரித்தாள். பொட்டைக் கழற்றி, பழைய மருந்தைச் சுரண்டி எறிந்து, புது மருந்து அடைத்து, பாறையின் மேல் வைத்தாள். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். பக்கத்திலேயே உட்கார்ந்து, கோழி வந்தால் விரட்டினாள். பிறகு பொருத்தி எடுத்துக்கொண்டு போய்க் கேப்டனிடம் கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு சுட்டுப் பாக்கணும்."

தோட்டாவை வீணாக்கவே கூடாது என்று சொல்லும் மனுஷன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "பள்ளத்தாக்குல போய்ச் சுடுங்க" என்றார்.

அனிசெத்தோவின் துப்பாக்கியையே வாங்கிக்கொண்டாள். அவன் கூடவே வந்தான், அவள் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. மண்மேட்டுக்கு நேராகப் பிடித்து விசையை இழுத்தாள்.

வெடித்தது. முதல் இழுப்பிலேயே, தோளை உதைத்துத் தள்ளும்படி வெடித்தது. சத்தம் மலைக்கு மலை எதிரொலித்து அடங்க வெகுநேரமாயிற்று. லியோன்சியா அப்படியே தரையில் உட்கார்ந்து, துப்பாக்கியை மடியில் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதாள். மூன்று நாள் வெயில்தான் வேண்டியிருந்தது. வேறொன்றும் இல்லை.

அனிசெத்தோ துப்பாக்கியை அவள் மடியிலிருந்து எடுத்துக் காலிக்கூட்டை வெளியே தள்ளினான். சூடாக இருந்தது. உள்ளங்கையில் மாற்றி மாற்றி ஆறவைத்தான். அவள் அழுது ஓயும்வரை நின்றிருந்துவிட்டு, அதை அவள் முன்னால் நீட்டினான்.

"காலிக்கூடு இருக்கு மனாங். புதுசு குடு."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டு கூட்டை வாங்கினாள்.

"மருந்து காயணும். மூணு நாள் ஆகும்டா."

"ஆகட்டும்" என்று அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.